கருப்பனும் ஜீரோ வாட்ஸ் பல்பும்

முன்பெல்லாம் பகலில் எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லாரும் கேட்டது ஒன்றுதான். "என்னங்க, இவ்வளவு பெரிய தொட்டி வெச்சிருக்கீங்க, மீனைக் காணோமே?"

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். நிறைத்தால் 250 லிட்டர் கொள்ளும். அடியில் கழுவிச் சலித்த மணல், ஒரு பக்கம் மரக்கட்டை, அதில் கட்டிவிட்ட ஜாவா ஃபெர்ன் செடி. மணலைக் கிளறிக்கொண்டு கோரிடோராஸ் என்ற குட்டிக் கெளுத்தி மீன்கள் சில திரியும். அவற்றை யாரும் மீனாகவே மதிப்பதில்லை. வந்தவர்கள் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டு தட்டிப் பார்ப்பார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. அப்புறம் காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

எங்கள் மீன் ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு மேல்தான் வெளியே வரும். பிளாக் கோஸ்ட் நைஃப் ஃபிஷ். கொளத்தூர் கடைகளில் சுருக்கமாக 'கோஸ்ட்'. அப்டெரோனோட்டஸ் அல்பிஃப்ரான்ஸ் என்பது அறிவியல் பெயர். 1766-லேயே லின்னேயஸ் பட்டியலில் ஏறிவிட்ட மீன். சொந்த ஊர் தென் அமெரிக்கா: அமேசான், ஒரினோகோ, பரானா ஆறுகள். இப்போது கடைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை இந்தோனேசியப் பண்ணைகளில் பிறந்தவை.

நாங்கள் வில்லிவாக்கத்தில் இருக்கிறோம். கொளத்தூர் பக்கத்திலேயே இருப்பதால் மீன் வாங்குவது எனக்குக் காய்கறி வாங்கப் போகிற மாதிரி ஆகிவிட்டது. கோஸ்ட் வாங்கிய அன்று கடைக்காரத் தம்பியே தடுத்துப் பார்த்தார். "இது வெளிய வராது மேடம். ஃப்ளவர்ஹார்ன் எடுத்துட்டுப் போங்க, கையைக் காட்டினா ஓடி வரும்." எனக்கு ஓடி வருகிற மீன் வேண்டாம். நாள் முழுக்கப் பாரிமுனையில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். போனும் ஆட்களும் என்னை நோக்கி ஓடி வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

கடைத் தொட்டியில் விரல் நீளத்தில் ஏழெட்டு குட்டிகள், ஒரே பிவிசி குழாய்த் துண்டுக்குள் தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு கிடந்தன. கடைக்காரர் குழாயைத் தூக்கியதும் ஒன்று மட்டும் வெளியே வந்தது. உடம்பு குச்சி மாதிரி விறைப்பாக இருந்தது, வளையவே இல்லை. வயிற்றுக்குக் கீழே தலையருகில் தொடங்கி வால்வரை ஓடும் ஒரே நீளத் துடுப்பு மட்டும் அலையலையாக அசைந்தது. முன்னால் போனது, கண்ணாடி வந்ததும் திரும்பாமல் அதே வேகத்தில் பின்னாலேயே போனது. முதுகில் துடுப்பு கிடையாது. உடம்பெல்லாம் மைக் கருப்பு, நெற்றியில் வெள்ளைக் கோடு, வாலில் இரண்டு வெள்ளை வளையம். அதையே கவரில் போடச் சொன்னேன்.

அம்மாவுக்குக் 'கோஸ்ட்' என்ற பெயரின் அர்த்தம் தெரிந்ததும் முகம் மாறிவிட்டது. "விளக்கு வெக்கிற நேரத்துல பேயை வாங்கிட்டு வந்திருக்கா பாரு." நெற்றியில் பட்டையைப் பார்த்தபிறகுதான் சமாதானம். மதுரைப் பக்கத்துக்காரி. ராத்திரி மட்டும் சுற்றுகிற கருப்பான ஆசாமி, நெற்றியில் விபூதி வேறு, அப்புறம் என்ன யோசனை? கருப்பன் என்று பெயர் வைத்துவிட்டாள்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கோஸ்ட் பகலில் ஒருக்களித்துப் படுக்கும். மரக்கட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவே பக்கவாட்டில் சாய்ந்து, செத்ததுபோலவே கிடக்கும். "செத்துப்போச்சுடி" என்று அம்மாவிடமிருந்து ஆபீஸுக்குப் போன் வந்திருக்கிறது. சாயங்காலம் வந்து பார்த்தால் அது எழுந்து கோரிடோராஸின் சாப்பாட்டைத் தின்றுகொண்டிருக்கும். இப்போது அம்மாவே மாடிவீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்கிறாள்: "தூங்குதுடா, கத்தாதீங்க."

கூச்ச சுபாவமுள்ள மீன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. இதற்கு ஆட்களோடு தகராறு இல்லை, வெளிச்சத்தோடுதான் தகராறு. தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, பூஜை அறையில் எரிகிற மாதிரி ஒரு சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பைத் தொட்டியிலிருந்து ஆறடி தள்ளிப் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் கருப்பனைப்போல மூக்கை நுழைக்கிற ஜந்து வேறு கிடையாது. தொட்டியில் புதிதாக ஒரு கூழாங்கல் போட்டால் போதும். முதலில் தலையால் ஒரு சுற்று, அப்புறம் வாலைக் கல் பக்கமாக வளைத்து, பின்னாலேயே வந்து இன்னொரு சுற்று. கல்லைத் தொடுவதில்லை. தொடாமலேயே அளந்து முடித்துவிட்டுப் போய்விடும்.

எப்படி அளக்கிறது என்பதுதான் விஷயம். இதற்குக் கண் இருக்கிறது, ஆனால் மிளகின் பாதிகூட இருக்காது. நம்பியிருப்பது மின்சாரத்தை. வாலை ஒட்டி ஒரு மின்உறுப்பு இருக்கிறது. அது தன்னைச் சுற்றி மெல்லிய மின்புலம் ஒன்றை உண்டாக்கிக்கொண்டே இருக்கும், விநாடிக்கு ஏறத்தாழ ஆயிரம் தடவை. தூங்கினாலும் நிற்காது. தோலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உணர்விகள். பக்கத்தில் கல்லோ செடியோ புழுவோ இருந்தால் அந்த மின்புலம் கொஞ்சம் சிதறும், சிதறலைத் தோல் கண்டுகொள்ளும். தண்ணீர்ப்பூச்சி அளவுள்ள இரையை இரண்டு மூன்று செ.மீ. தூரத்திலேயே இருட்டில் கண்டுபிடித்துவிடும் என்று ஆய்வகத்தில் அளந்திருக்கிறார்கள். இந்த மாதிரி மீன்களில் பலவற்றுக்கு மின்உறுப்பு தசையிலிருந்து வந்தது. கோஸ்ட் குடும்பத்துக்கு மட்டும் நரம்பே மின்உறுப்பாக மாறியிருக்கிறது. வால் நுனியை வேறு மீன் கடித்துவிட்டால்கூடத் திரும்ப வளர்ந்துவிடும், முதுகுத்தண்டு நரம்போடு சேர்த்து.

"அப்போ கையை விட்டா ஷாக் அடிக்குமா?" என்பது அம்மாவின் கேள்வி. அடிக்காது. ஷாக் அடிப்பது இதன் உறவுக்காரரான மின்விலாங்கு. பெயர்தான் விலாங்கு, உண்மையில் அதுவும் இதே வரிசையைச் சேர்ந்த மீன். அதில் ஒரு வகை 860 வோல்ட் வரை எட்டுவதாக 2019-ல் அளந்தார்கள். கருப்பனுடையது வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. இப்போது என் விரல் நுனியிலிருந்தே புழு வாங்கித் தின்கிறது. ஷாக்கும் இல்லை, கடியும் இல்லை, உதடு ஒட்டுவது மட்டும் தெரியும்.

இதெல்லாம் புரிந்தபிறகுதான் ஒளியும் இடத்தை மாற்றினேன். ஆபீஸுக்குப் பக்கத்திலேயே பிராட்வேயில் அக்ரிலிக் விற்கிற கடைகள் உண்டு. அங்கே இரண்டு அங்குல விட்டத்தில், ஒன்றரை அடி நீளத்துக்குக் கண்ணாடிபோல் தெரியும் குழாய் ஒன்று வெட்டி வாங்கினேன். வெட்டின விளிம்பை உப்புத்தாளால் நன்றாகத் தேய்க்கவேண்டும், இல்லையென்றால் துடுப்பு கிழியும். தொட்டிக்குள் வைத்ததும், மரக்கட்டைக்குப் பின்னால் இருந்த கருப்பன் தானே குழாய்க்குக் குடிமாறிவிட்டது. நமக்கு முழுசாகத் தெரிகிறது. அதற்கோ நாலு பக்கமும் பிளாஸ்டிக், மின்சாரம் ஊடுருவாது, அதன் கணக்கில் கெட்டியான சுவர். ஒளிந்துகொண்டதாக நினைத்து நடுக்கூடத்தில் நிற்கிறது. கொளத்தூர் தம்பியிடம் சொன்னேன், நம்பவில்லை. வீடியோ காட்டினேன். மறுவாரம் அவர் கடையில் கருப்புக் குழாய்க்குப் பதில் கண்ணாடிக் குழாய்.

குழாயில் இன்னொரு வேடிக்கை உண்டு. அதைக் கையால் பிடித்து மெதுவாக ஒரு அங்குலம் இடப்பக்கம் நகர்த்தினால், உள்ளே இருக்கிற மீனும் சரியாக ஒரு அங்குலம் நகரும். வலப்பக்கம் இழுத்தால் அதுவும் பின்னாலேயே வரும். உடம்பு அசையாது, துடுப்பின் அலை மட்டும் திசை மாறும். மெதுவாகச் செய்தால் குழாயோடு ஒட்டவைத்த மாதிரியே இருக்கும். கொஞ்சம் வேகமாக ஆட்டினால் பின்தங்கும், பிறகு பிடித்துவிடும். இதே வேலையைப் பல்கலைக்கழகங்களில் மோட்டார் வைத்துச் செய்து, மூளை எப்படி உடம்பை நகர்த்துகிறது என்று ஆராய்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் இதன் உறவான கிளாஸ் நைஃப் மீனை வைத்துப் பார்க்கிறார்கள். நான் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன். தினமும் செய்யக்கூடாது, பாவம், அதற்கும் ஓய்வு வேண்டும்.

என் தம்பி அயனாவரத்தில் மைக் செட் வைத்திருக்கிறான். கல்யாணம், கோவில் திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் போவான். விநாடிக்கு ஆயிரம் என்றால் காதுக்குக் கேட்கிற எல்லைக்குள்தானே அக்கா என்று ஒருநாள் கிளம்பி வந்துவிட்டான். இரண்டு எவர்சில்வர் ஸ்பூன், கொஞ்சம் வயர், பேட்டரியில் ஓடுகிற சின்ன ஆம்ப்ளிஃபையர். செம்புக் கம்பியைத் தண்ணீரில் போடக்கூடாது, செம்பு மீனுக்கு விஷம். கரண்டில் ஓடுகிற ஆம்ப்ளிஃபையரையும் தொட்டிப்பக்கம் கொண்டுபோகாதீர்கள், அது உங்களுக்கு ஆபத்து.

ஸ்பூன்களைத் தொட்டியின் இரண்டு முனையிலும் தொங்கவிட்டு ஆன் செய்தால் 'ம்ம்ம்' என்று ஒரே உறுமல். மீன் இல்லை, ஃபில்டர் மோட்டாரும் டியூப்லைட்டும் போடுகிற 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். "உங்க வீட்டு எர்த்திங்கே சரியில்லக்கா" என்று தம்பி ஹவுஸ் ஓனரைத் திட்டினான். இரைச்சலுக்கு அடியில் மெல்லிசாக ஒரு விசில் இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஆம்ப்ளிஃபையரை இங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அது சரியாகக் கேட்டது 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது. வில்லிவாக்கத்தில் கரண்ட் போய்விட்டது. தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர். மீனுக்குப் பேட்டரி ஏர் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் ஸ்பூன்களைத் தொங்கவிட்டேன். தெருவிலேயே கரண்ட் இல்லை, அதனால் உறுமலும் இல்லை. சன்னமாக, அறுபடாமல், ஒரே சுரம். மீன் ஸ்பூன் பக்கம் வந்தால் ஓங்கும், விலகினால் தணியும், சுரம் மட்டும் இம்மியும் அசையாது. அம்மா பாயிலிருந்து எழுந்து வந்து கேட்டாள். "நாயனத்துக்கு ஒத்து ஊதுறாப்ல இருக்குடி" என்றாள். போனில் சார்ஜ் மிச்சமிருந்தது. சுருதி பார்க்கிற செயலியைத் திறந்தால் 980-க்கும் 1,000-க்கும் நடுவில் காட்டியது.

தண்ணீர் சூடாக ஆகச் சுருதி ஏறும் என்று படித்திருந்தேன். மே மாதம் ஃபில்டரை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு, மெயின் சுவிட்சையும் அணைத்துக் கேட்டேன். 1,100-ஐத் தாண்டிவிட்டது. கத்திரி வெயில் நமக்கு மட்டுமில்லை.

சென்னையில் இந்த மீனை வளர்ப்பதில் உண்மையான கஷ்டம் அந்த வெயில்தான். ஹீட்டர் வேண்டவே வேண்டாம். 23 முதல் 28 டிகிரி வரை இதற்குச் சுகம். மே மாதம் விட்டால் தொட்டித் தண்ணீர் 32-க்குப் போகும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8.3 மி.கி. ஆக்சிஜன் தாங்கும், 32-ல் 7.3 தான். மூடியைத் தூக்கிவிட்டு, வலையைப் போட்டு, நீர்மட்டத்தின்மேல் படுகிற மாதிரி ஒரு டேபிள் ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிற தண்ணீரைத் தினமும் நிரப்பவேண்டும். வலையை மறக்காதீர்கள், இது ராத்திரியில் தாவும்.

அடுத்தது தண்ணீர். எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கிற உப்பின் அளவு, ஆயிரத்துக்கு மேல். இந்த மீன் குடும்பம் வாழும் ரியோ நீக்ரோ போன்ற ஆறுகளில் அது பத்தைக்கூடத் தாண்டாது. உப்பு கூடக்கூடத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், மீன் எழுப்புகிற மின்புலம் அந்த அளவுக்கு வலுவிழக்கும். போர் தண்ணீரில் வளர்கிற கோஸ்ட்டுக்கு மூடுபனியில் நடக்கிற கதிதான் என்பது என் அபிப்பிராயம். பண்ணை மீன் கொஞ்சம் கடினத் தண்ணீருக்குப் பழகியதுதான், ஆனாலும் ஆயிரம் அதிகம். நான் மெட்ரோ தண்ணீரை ஒருநாள் பிடித்துவைத்து, ஆன்டி குளோரின் விட்டு, அதோடு ஆர்.ஓ. தண்ணீரோ மழைத் தண்ணீரோ கலக்கிறேன். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எங்கள் மாடியில் போட்ட குழாய் இன்னும் இருக்கிறது. ஐப்பசியில் முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு, மூன்றாவது மழையிலிருந்து டிரம்மில் பிடிப்பேன். மொத்தமாக ஒரே நாளில் மாற்றவேண்டாம், வாரம் கால் தொட்டி போதும்.

சாப்பாடு ராத்திரிதான். பனிக்கட்டியில் உறைந்த ப்ளட் வார்ம் வில்லைகள், நடுவில் ஒருநாள் மாடித் தொட்டிச் செடியிலிருந்து மண்புழு. சாக்கடையில் அள்ளுகிற டியூபிஃபெக்ஸ் புழுவை நான் வாங்குவதில்லை. ஃப்ரீசரில் ப்ளட் வார்ம் வைப்பதற்கு அம்மாவிடம் அனுமதி வாங்கியது தனிக்கதை. கடைசியில் எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மேலே 'கருப்பன்' என்று ஸ்டிக்கர் ஒட்டினாள். இட்லி மாவுக்கும் அதற்கும் நடுவில் ஒரு தட்டு இடைவெளி என்பது சட்டம்.

ஒரு தொட்டிக்கு ஒரு கோஸ்ட்தான். இரண்டு போட்டால் சண்டை. டைகர் பார்ப் வேண்டாம், துடுப்பைப் பிய்க்கும். நியான் டெட்ரா வேண்டாம், காலையில் எண்ணிக்கை குறையும். வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் பாட்டிலில் போட்டிருக்கிற அளவு மருந்தை அப்படியே ஊற்றாதீர்கள். இதற்கு மருந்து அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது, பாதி அளவில் தொடங்குங்கள்.

விரல் நீளத்தில் வாங்கியது இப்போது ஒரு அடியை நெருங்குகிறது. இது 50 செ.மீ. வரை போகும் ஜாதி. கடையில் யாரும் அதைச் சொல்வதில்லை. இரண்டடித் தொட்டி வைத்திருப்பவர்கள் கூலி லோச் வாங்குங்கள், அதுவும் ராத்திரி மீன்தான், விரல் நீளத்தோடு நின்றுவிடும். எனக்கு இப்போது ஆறடித் தொட்டி தேவை. ஆறுக்கு இரண்டுக்கு இரண்டு என்றால் 680 லிட்டர். கண்ணாடி, மணல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் எண்ணூறு கிலோவுக்குக் குறையாது. முதல் மாடியில் வைக்கலாமா என்று ஹவுஸ் ஓனரிடம் கேட்டேன். "நான் ஆட்களுக்குத்தாம்மா வீடு விட்டேன்" என்றார்.

கீழ்ப்போர்ஷன் தை மாதம் காலியாகிறது. வாடகை கொஞ்சம் கூட. அம்மாவுக்கு முழங்கால் வலி, படியேற வேண்டாம் என்பதால் அவளுக்குச் சம்மதம்தான். எனக்குத்தான் மிக்ஜாம் தண்ணீர் ஞாபகம் வந்தது, கீழ்வீட்டில் அன்றைக்குக் கட்டில்வரை ஏறியது. அம்மாவிடம் சொன்னேன். "தண்ணி வந்தா கஷ்டம் நமக்குத்தான். அதுக்கென்ன, மீனுதானே" என்றாள். ஸ்டாண்டை மூன்றடி உயரத்தில் செய்ய எவ்வளவு ஆகும் என்று வெல்டிங் பட்டறையில் கேட்டிருக்கிறேன்.